யானைப் பில்லை

ராஜவேலுவிடம் முப்பத்தொரு கார் பேட்ஜ்கள் இருந்தன. கார் இல்லை.

கார் வாங்கும் எண்ணமும் அவனுக்கு இருந்ததில்லை. கும்மிடிப்பூண்டியில் நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர். வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் போதும். வெள்ளைக்காரன் காலத்தில் மோட்டார் கிளப்புகளில் சேர்ந்தவர்கள் காரின் மூக்கில் ஒரு கம்பியைப் பொருத்தி, அதில் கிளப்பின் பேட்ஜைத் திருகி வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார்கள். அந்தக் கார்கள் கிழடு தட்டி, கல்கத்தா ரோட்டோரத்துக் காயலான் கடைகளுக்கு வந்து விழுந்தன. பேட்ஜ்களும் கூடவே வந்தன. காயலான் கடைக்காரனுக்கு அவை பித்தளை. ராஜவேலுவுக்கு அவை என்னவென்று அவனுக்கே சொல்லத் தெரியாது. ஒன்றைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. அவ்வளவுதான்.

கையகல உலோகம். அதன்மேல் நீலமும் சிவப்பும் பச்சையுமாகப் பளபளப்பு. அது சாயம் இல்லை. கண்ணாடித் தூளை உலோகத்தின்மேல் தூவி உருக்கி ஒட்டியது. எத்தனை வெயில் பட்டாலும் வெளுக்காது. புளி போட்டுத் தேய்த்தால் மட்டும் ஓரத்துப் பித்தளை அரித்துவிடும். ஆகவே ராஜவேலு பல்பொடி போட்டுத் தேய்ப்பான்.

"பல்லுக்கு ஒரு டப்பா, பேட்ஜுக்கு ரெண்டு டப்பா" என்பாள் அவன் மனைவி குணசுந்தரி. "குதிரை இல்லாம லாடம் சேக்கற ஆள இந்த ஊட்லதான் பாக்கறேன்."

ஆனால் கூடத்துச் சுவரில் ஆணிகளை வரிசை பிசகாமல் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். அவன் அடித்தால் ஏணிப்படி மாதிரி ஏறிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜவேலு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பேட்ஜுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அஞ்சம்மாள் கூடையை இறக்கிவைத்துத் தண்ணீர் கேட்டாள். அந்த வீட்டில் மீன் ஏறாது. அவள் அங்கே நிற்பது தண்ணீருக்காக மட்டும்தான். சொம்பைத் தூக்கிக் குடித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"இன்னா நைனா, எங்க ஊரு பில்லைய நீ வச்சி தேச்சிகினுகீற?"

"உங்க ஊர்ல இதுமாதிரி இருக்குதா?"

"ஏழு கீது. சிங்கம் கீது, ரெக்க கீது, கிரீடம் கீது. யான ஒண்ணு கீது."

"யானையா?"

"யானதான். தும்பிக்கையில சக்கரத்தத் தூக்கிக்கினு நிக்கும். பச்சக் கலரு."

ராஜவேலுவின் கையிலிருந்து பல்பொடி டப்பா உருண்டது. அந்த யானையை அவன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறான், அதுவும் படத்தில். மலைத்தோட்டத்துத் துரைமார்கள் சேர்ந்து நடத்திய ஒரு மோட்டார் கிளப். சீக்கிரமே மூடிவிட்டார்கள். காரின் ஸ்டீரிங்கைத் துதிக்கையில் தூக்கிய யானை எங்கேயாவது மிஞ்சியிருக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"யாருது அது?"

"மாரியப்பனுது. ரேடியோப் பைத்தியம் அவன். டீக்கட ரேடியோவ உட்டு நவர மாட்டான்."

"அத வச்சி என்ன பண்றாங்க உங்க ஊர்ல?"

அஞ்சம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே ஏதோ நீளமாகச் சொன்னாள். ராஜவேலுவின் காதில் விழவில்லை. ஆசை பிடித்தவனுக்குக் காது பாதிதான் வேலை செய்யும். ரேடியோ என்ற சொல்லோடு அவன் காது அடைத்துக்கொண்டது.

வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அவர்கள் கல்யாணத்துக்குக் குணசுந்தரியின் அண்ணன் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு அந்த டிரான்சிஸ்டர் ரிப்பேருக்குப் போனது. அதாவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு ராஜவேலு பொன்னேரிக்கு ரயில் ஏறினான். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். ஏரியைத் தாண்டப் படகு. தாழைக்குப்பத்தில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

கரையில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. அதன் மூக்கில் பனைநார் போட்டுக் கட்டியிருந்தது யானை.

ராஜவேலு மணலில் அப்படியே நின்றுவிட்டான். உப்புக்காற்று பட்டும் பச்சை மங்கவில்லை. யானையின் கண்கூடத் தெரிந்தது. படகு தண்ணீரில் அசைய, யானை தலையாட்டியது.

படகின் நிழலில் ஒருவன் படுத்திருந்தான். அவன்தான் மாரியப்பன். ராஜவேலு டிரான்சிஸ்டரைத் திருகி அவன் தலைமாட்டில் வைத்தான். பாட்டு கேட்டதும் மாரியப்பன் எழுந்து உட்கார்ந்தான். ஊசி ஏறிய மீன் மாதிரி அவன் கண் நிலைத்தது.

"இது எனக்கா?"

"உனக்குத்தான். யானை எனக்கு."

மாரியப்பன் யானையைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான். "அண்ணே, மெய்யாலுமே யான ஒனக்கு வேணுமா?"

"வேணும்."

"பின்னால வந்து வாணாம்னு சொல்ல மாட்டியே?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"பொஞ்சாதிக்கு சம்மதமா?"

ஒரு பேட்ஜுக்கு இவ்வளவு கேள்வியா என்று ராஜவேலுவுக்கு வியப்பு. "அவளுக்கென்ன? சம்மதம்தான்."

மாரியப்பன் நாரை அவிழ்த்தான். மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, அதில் யானையை வைத்து ராஜவேலுவின் கையில் கொடுத்தான். ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளி அதன்மேல் ஊற்றினான்.

"என் யான இனிமே உன் யான."

என்ன மரியாதை, என்ன பண்பாடு என்று ராஜவேலு நெகிழ்ந்துபோனான். காயலான் கடையில் பழைய பேப்பரில் சுற்றித் தூக்கிப் போடுவார்கள். இங்கே பெண்ணைத் தாரைவார்ப்பதுபோலத் தருகிறார்கள். யானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படகேறினான்.

கூடத்துச் சுவரின் நடுவில் இடம் பிறந்தது. ஆணி அடித்த குணசுந்தரிகூட யானையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது ஒண்ணு பாக்கற மாதிரி கீது" என்றாள். பிறகு, "ரேடியோ எப்ப வரும்?" என்றாள்.

"பார்ட்ஸ் கிடைக்கலயாம்" என்றான் ராஜவேலு.

அமாவாசை வந்தது. அதற்கு அடுத்த நாள் ஞாயிறு. ராஜவேலு நாஷ்டா சாப்பிட்டுக் கைகழுவ வந்தபோது வாசலில் அஞ்சம்மாள் நின்றாள். கூடை இல்லை. அவளுக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரும் இரண்டு இளைஞர்களும் நின்றார்கள்.

"இவருதான்" என்று அஞ்சம்மாள் கை காட்டினாள். "எங்க ஊருப் பெரியவரு, முனுசாமி" என்று அவரையும் காட்டினாள்.

முனுசாமி ராஜவேலுவை மேலும் கீழும் பார்த்தார். "யான நீதானா நைனா?"

"என்னது?"

"யானக்காரரு நீதானான்னு கேக்கறேன்."

"யானை என்கிட்டதான் இருக்குது. மாரியப்பன் குடுத்தான்."

"அதான். உன் பாடு வந்துகீது. கௌம்பு."

முனுசாமி வாசற்படியிலேயே உட்கார்ந்து விளக்கினார். ஏரியில் மீனும் இறாலும் நன்றாக விழும் இடம் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒரு வலைக்குத்தான் அங்கே இடம். ஊரில் ஏழு வலை. ஆகவே முறை வைத்துப் போகிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. முன்பெல்லாம் பனையோலையில் குறி போட்டுச் சீட்டு எடுத்தார்கள். எவனோ ஒருவன் கள்ள ஓலை போட்டு, அடிதடியாகி, மண்டை உடைந்தது. அந்தச் சமயத்தில்தான் உள்ளான் குருவி சுட வந்த ஒரு துரை, சொன்ன பேச்சைக் கேட்காமல், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் காரை விட்டான். கார் சேற்றில் புதைந்தது. தண்ணீர் ஏறியது. துரை தோளில் துப்பாக்கியோடு நடந்தே போனவன், திரும்பி வரவில்லை.

"காரு துருப்புடிச்சி போயிடுச்சி. மூக்குல இருந்த ஏழு பில்லையும் போவல. ஏழு வல, ஏழு பில்ல. ஆத்தாவே அனுப்பினாப்பல. அதுமாதிரி கள்ளப் பில்ல செய்ய எவனால முடியும்? பானயில போட்டு கோயிலாண்ட கவுப்போம். வாய் குறுகின பான. ஒண்ணுதான் உழும். உழுந்த பில்லக்காரன் மறுநாளு வல போடுவான். படகு மூக்குல பில்ல இருக்கும். சாயங்காலம் மறுபடி பானைக்கு வந்துடும். எறா ஓடாத நாள்ல பில்ல அவனவன் படகுலயே கெடக்கும், அமாவாசக்கி பாடு தொடங்கறப்ப ஏழும் பானைக்கு வரணும்."

"நல்ல ஏற்பாடுதான்" என்றான் ராஜவேலு, தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பாராட்டுகிறவனைப்போல.

"நல்ல ஏற்பாடுதான். ஆனா பானைக்கு வராத பில்லக்கித்தான் மொதப் பாடு. அடுத்தவன் பில்லய ஒளிச்சி வச்சி அவன் பாட்ட எவனும் புடுங்கக் கூடாதுல்ல, அதுக்கு. அவன் வல எறங்கற வரைக்கும் வேற எவனும் எறக்கக் கூடாது. நேத்து அமாவாச. யான வரல. ஏழு வலையும் கரையில காயுது. வா."

ராஜவேலு சிரித்தான். "பெரியவரே, நான் கண்ட வலை கொசுவலை ஒண்ணுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒனக்குத் தெரியாதுன்னா வெத்தலையோட எதுக்கு வாங்கின? தண்ணி ஊத்தினானா இல்லியா?"

"ஊத்தினான்..."

"மூணு தபா கேட்டானா?"

"கேட்டான். நான் அத மரியாதைன்னு நினைச்சேன்."

"மரியாததான். பாட்டக் குடுக்கறப்ப மரியாதயாத்தான் குடுப்போம்."

கதவு திறந்திருந்தது. முனுசாமியின் கண் கூடத்துச் சுவரில் பட்டது. எழுந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். இளைஞர்கள் பின்னால் போனார்கள். முப்பத்திரண்டு பேட்ஜ்களும் காலை வெளிச்சத்தில் மின்னின. துக்க வீட்டில் நிற்பதுபோல மூன்று பேரும் நின்றார்கள்.

"அடப்பாவி" என்றார் முனுசாமி மெதுவாக. "இத்தினி பாடா? எந்தெந்த ஊருது?"

"கல்கத்தா. லண்டன். இது சிலோன்..."

"சிலோன்காரன் பாட்டயும் உடலயா நீ? அங்க எத்தினி வல காஞ்சிகினுகீதோ. இத்தினி ஊட்டு சோத்த ஆணி அடிச்சி மாட்டி வச்சிகீறியேடா!"

"ஐயோ, அப்படி இல்ல. இது கார் வச்சிருக்கறவங்க கிளப்பு. காசு கட்டி மெம்பர் ஆனா பில்லை தருவாங்க. வழியில வண்டி நின்னுபோனா, கிளப்பு ஆளு பில்லையப் பாத்து, சலாம் போட்டு, ரிப்பேர் பண்ணிக் குடுப்பான்."

முனுசாமி யோசித்தார். "அப்ப பில்ல மாட்டினவங்க ஒருத்தருக்கொருத்தர் ஒதவணும். அதானே கணக்கு?"

"அதான்."

"எங்களுக்கும் அதான் கணக்கு. ஏழு வண்டி நின்னுபோய் கீது. வந்து ரிப்பேர் பண்ணு."

இளைஞர்களில் ஒருவன் சுவரைக் காட்டி, "இதுல எந்தக் கிளப்புல நீ மெம்பரு?" என்று கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ராஜவேலு இருமினான்.

"யானைய நீங்களே திருப்பி எடுத்துக்கினு போகலாமே?" என்று சமையலறை வாசலிலிருந்து குணசுந்தரி கேட்டாள்.

ராஜவேலு யானைக்குக் குறுக்கே போய் நின்றான். மற்ற முப்பத்தொன்றையும் கேட்டால்கூடக் கொடுத்துவிடுவான். யானை போனால் இன்னொரு யானை இந்த ஜன்மத்தில் கிடையாது.

"நாங்க எடுக்க முடியாதும்மா" என்றாள் அஞ்சம்மாள். "குடுத்தவன்தான் திருப்பி வாங்கிக்கணும். அவன் மாட்டேன்றான். ரேடியோவ மரத்துல கட்டிட்டு அடியில படுத்துகினுகீறான். பேஜாரா போச்சி."

"எந்த ரேடியோ?" என்றாள் குணசுந்தரி.

ராஜவேலு சுவரில் நேராக இருந்த ஒரு பேட்ஜை நேராக்கினான்.

"உங்க ஊட்டு ரேடியோதாம்மா" என்றாள் அஞ்சம்மாள், நல்லெண்ணத்தோடு. "நல்லா பாடுது."

குணசுந்தரி கணவனைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள்.

"போங்க. போய் வலைய போட்டுட்டு வாங்க. எங்க அண்ணன் ரேடியோவும் வரணும்."

நடு ஆணியிலிருந்து யானை இறங்கியது.

தாழைக்குப்பத்தில் ஊரே கரையில் நின்றது. முனுசாமி ராஜவேலுவின் பேண்ட்டைக் கழற்றச் சொல்லித் தன் லுங்கி ஒன்றைக் கொடுத்தார். மாரியப்பனின் வலையில் கூட வேலை செய்கிற மூன்று பேர் படகில் ஏறினார்கள். யானையைப் படகின் மூக்கில் கட்டச் சொன்னார்கள். ராஜவேலுவே கட்டினான். நார் அவன் விரலை அறுத்தது.

கழி ஊன்ற, படகு நகர்ந்தது. ராஜவேலு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு யானையின் முதுகும் இரண்டு திருகாணிகளும்தான் தெரிந்தன. பேட்ஜை இந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்த்ததே இல்லை. சுவரில் இருப்பவை எல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இது அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த படகுக்காரர்கள் யானையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள்.

"யான வருது, வழி உடு!"

படகுகள் ஒதுங்கின. ராஜவேலுவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

நிமிர்ந்த முதுகு ரொம்ப நேரம் நிற்கவில்லை. தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் அடியில் சேறு. இறங்கிய இரண்டாவது அடியில் அவன் காணாமல் போனான். எழுந்தபோது சேற்றில் ஒரு மீசை முளைத்திருந்தது. கூட வந்த மூவரும் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

கரையில் மரத்தடியிலிருந்து மாரியப்பன் கத்தினான். ரேடியோ அவன் தலைக்குமேல் பாடிக்கொண்டிருந்தது. "அண்ணே, கால அகட்டி வையி! சேறு இழுக்கும்!"

"நீ வந்து செய்யேன்டா!"

"உன் பாடுண்ணே! நான் எப்டி வர்றது?"

கழிகளை வட்டமாக நட்டு, வலையை அவற்றில் சுற்றிக் கட்ட வேண்டும். ராஜவேலு நட்ட முதல் கழி சாய்ந்தது. இரண்டாவது கழியை ஒரு நண்டு காத்தது. அது அவன் கால் பெருவிரலைப் பிடித்தபோது அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு, கரையில் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். முனுசாமி மட்டும் சிரிக்கவில்லை. "கத்தாத! மீனு ஓடிடும்!" என்று கரையிலிருந்து அதட்டினார்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. வலையைச் சுருக்கினார்கள். கயிறு திடீரென்று கனத்தது. கனம் மட்டும் இல்லை. உள்ளே ஏதோ குதித்தது. உயிருள்ள ஒன்று கயிறு வழியாக அவன் முழங்கை வரைக்கும் பேசியது. "உடாத, உடாத" என்றார்கள் மூவரும். அவன் விடவில்லை. தோல் உரிந்தது. வலை மேலே வந்தபோது, உள்ளே இறால் ஆயிரம் ஊசிகள்போலத் துள்ளியது.

"யானக்காரரு கை ராசியான கைதான்" என்றான் ஒருவன். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ராஜவேலு பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. இப்போது இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். தான் அப்படிச் செய்வது அவனுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய, எல்லோரும் அங்காளம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். முனுசாமி வாய் குறுகிய பானையோடு வந்தார். ராஜவேலு தன் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். பையில் யானை இருந்ததால் சட்டை ஒரு பக்கம் தொங்கியது.

"போடு" என்றார் முனுசாமி.

"எத?"

"யானய."

"நான்தான் பாட்டை முடிச்சிட்டேனே."

"முடிச்ச. அதனாலதான் போடச் சொல்றேன். உள்ள போட்டாத்தான் அடுத்தது வெளிய உழும்."

ராஜவேலு பையைக் கையால் மூடிக்கொண்டான். "பெரியவரே, வீட்டுல ஒண்ணு இருக்குது. பெரிய ரெக்கை. இத விடப் பெருசு, இத விடப் பளபளப்பு. நாளைக்கே கொண்டாந்து போடறேன். யானை என்கிட்ட இருக்கட்டும். ரெண்டு வேணும்னாலும் தரேன்."

"உன் ரெக்க உழுந்தா யாரு வலயத் தூக்கிக்கினு எழுந்துப்பாங்க?" என்று முனுசாமி கேட்டார். "யான உழுந்துச்சின்னா, இதோ கீறாங்களே மூணு பேரு, இவங்க எழுந்துப்பாங்க. இவங்க அப்பன் எழுந்தான். ரெக்க எவனுது? பளபளன்னு கீதேன்னு வலயில போற மீனு பாக்குமா?"

மூன்று பேரும் ராஜவேலுவைப் பார்த்தார்கள். ஒருவன் முழங்காலில் இன்னும் சேறு காயவில்லை.

"கட்டாயம் இல்ல நைனா" என்றார் முனுசாமி. "உன் பில்ல. எடுத்துக்கினு போவணும்னா போ. ஆனா வராத பில்லக்கித்தான் மொதப் பாடு, சொன்னேன்ல? நாளைக்கும் நீதான். நாளான்னைக்கும் நீதான். கம்பெனிய மறந்துடு."

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரியப்பன் வந்தான். அவன் கையில் டிரான்சிஸ்டர் ஊமையாக இருந்தது.

"அண்ணே, செல்லு தீந்துபோச்சி" என்றான். குரலில் அழுகை இருந்தது. "படுத்துக்கினே கெடந்தா ஊரு சிரிக்குது. நீ வலய இழுக்கறதப் பாத்து எனக்குக் கை பரபரன்னு இருந்துச்சி. ரேடியோவ எடுத்துக்கோ. யானயத் திருப்பிக் குடுத்துடுண்ணே."

எல்லோர் முகத்திலும் நிம்மதி பரவியது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ராஜவேலு யானையைக் கொடுத்தால் போதும். ரேடியோ வீட்டுக்குப் போகும். குணசுந்தரி பேசத் தொடங்குவாள். ஒரு புத்திசாலி செய்கிற காரியம் அதுதான்.

ராஜவேலு தன் கையைப் பார்த்தான். நார் அறுத்த கோடும், கயிறு உரித்த தோலும், இறால் குத்திய புள்ளிகளும் இருந்தன. ஸ்டோர் கீப்பர் கை இல்லை அது.

"மாட்டேன்" என்றான்.

"அண்ணே!"

"மூணு தபா கேட்டல்ல? அப்ப நான் இன்னா சொன்னேன்? செத்தாலும் வாணாம்னு சொல்ல மாட்டேன்னு சொன்னேன். வெத்தலயில வச்சிக் குடுத்துட்டு, ஆத்தா கோயிலாண்ட நின்னுக்கினு திருப்பிக் கேக்கறியா?"

தான் 'இன்னா' என்றும் 'ஆண்ட' என்றும் பேசியது அவனுக்கே பிறகுதான் உறைத்தது. முனுசாமி முதல்முறையாகச் சிரித்தார். வாயில் இரண்டு பற்கள்தான் இருந்தன. "யானக்காரன் பேசறான்டா" என்றார்.

"அப்ப நான் இன்னா பண்றது?" என்றான் மாரியப்பன்.

"என் வலயில ஆளா சேந்துக்கோ. ஞாயித்துக்கெழமல பாடு உழுந்தா நான் வருவேன். வேலநாள்ல உழுந்தா எனக்கு பதிலா நீ எறங்கு. யான என்னுது. கை உன்னுது."

மாரியப்பன் முனுசாமியைப் பார்த்தான். முனுசாமி மற்ற மூவரையும் பார்த்தார். மூவரும் தலையை ஆட்டினார்கள். "இழுக்க ஒரு கை கூடுதுன்னா வாணாம்னா சொல்லுவோம்" என்றான் சேற்று முழங்கால்காரன்.

ராஜவேலு பையிலிருந்து யானையை எடுத்தான். சட்டையின் ஓரத்தால் ஒருமுறை துடைத்தான். பச்சை மின்னியது. பானையின் வாய்க்குமேல் கையை நீட்டினான். கை போய்விட்டது, விரல்கள் திறக்க மறுத்தன. கூட்டம் பொறுமையாக இருந்தது. பிறகு விரல்கள் திறந்தன. டணங்கென்று யானை மற்றவற்றின்மேல் விழுந்தது.

முனுசாமி பானையைக் குலுக்கினார். கவிழ்த்தார். கிரீடம் விழுந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் நான்கு பேர் எழுந்து, நாளைய பாட்டுக்குத் தங்கள் வலையைப் படகில் ஏற்றத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கரை முழுக்க அசைவு வந்தது. யாரோ ஒருத்தி அடுப்பு மூட்டப் போனாள்.

அவன் பங்கு இறாலை அஞ்சம்மாள் விற்றுத் தருவதாகத் தன் கூடையில் கொட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அது ஏறாது என்று அவளுக்குத் தெரியும். டிரான்சிஸ்டரை மாரியப்பன் நீட்டினான். ராஜவேலு வாங்கவில்லை. யானைக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குணசுந்தரி கதவைத் திறந்து மூக்கைச் சுருக்கினாள்.

"ரேடியோ?"

"அவன்கிட்டயே இருக்குது."

"யானை?"

"பானைல இருக்குது."

"அப்ப நீங்க என்னத்துக்குத்தான் போனீங்க?"

ராஜவேலு யோசித்துப் பார்த்தான். "எங்க வலயில இன்னிக்கு நல்ல எறா" என்றான். குணசுந்தரி அவனை நேராகக் கிணற்றடிக்கு அனுப்பினாள். இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. மூன்றாவது வாரம், பாடு எப்போது விழும் என்று அவளாகக் கேட்டாள்.

இறால் பங்கு சேர்ந்து பொங்கலுக்கு ஒரு புது ரேடியோ வந்தது. அது அவள் பெயரில், அவள் அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது.

அதன்பிறகு ஒருநாள் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்தார். அவர் மெட்ராஸில் ஏதோ ஒரு மோட்டார் கிளப்பில் மெம்பர். சுவரை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாராட்டிக்கொண்டே வந்தவர், நடுவில் ஓர் ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தார்.

"இங்கே ஒண்ணு குறையுதே, எங்கே?"

ராஜவேலு வாயைத் திறப்பதற்குள் காபித் தட்டோடு வந்த குணசுந்தரி பதில் சொன்னாள்.

"அது ஒண்ணுதாங்க வேலைக்குப் போயிருக்குது. மத்ததெல்லாம் சும்மாத்தான் கீது."